‘அப்’ படத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்தியவருக்கு

மகள் அழுததால் ‘அப்’ (Up) படத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டேன், மிச்சத்தைக் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சப் படத்தையும் காட்டுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள். அப்பப்பாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்த வாரத்தில் மகள் அழுதது இயல்புதான். கதைநாயகன் கார்லின் மனைவி எல்லி இறந்ததும் நிறுத்தியதால், பிள்ளையிடம் இழப்பு மட்டுமே தங்கிவிட்டது. 2009இல் வந்த இந்தப் பிக்சார் அனிமேஷன் படத்தின் ஆறுதல் கடைசிப் பகுதியில் இருக்கிறது: வெற்று என்று கார்ல் நினைத்த ஆல்பப் பக்கங்களில் எல்லி தங்கள் வாழ்க்கைப் படங்களை ஒட்டி, புதிய பயணம் போகச் சொல்லி எழுதியிருப்பாள். என்னைக் கேட்டால் படமே அதுதான்.

முதலில், “அந்தப் பாட்டிக்கு என்ன நடந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் காட்சித்தொடரில் வசனமே இல்லை. பிள்ளை வேறு எதையோ நினைத்துப் பயந்திருக்கலாம். “தூங்கிவிட்டார்” என்று மட்டும் மழுப்பாதீர்கள், பிறகு தூங்கவே பயப்படுவாள்.

வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். உறக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டால், நீங்கள் இருக்கும் வெள்ளவத்தையிலிருந்து கொழும்பு பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் மருத்துவமனை தூரமில்லை.