இரவில் எழுந்தால் மயக்கம்: பக்கவாதத்தின் அறிகுறியா?

இரவில் சிறுநீர் கழிக்க எழுந்த உங்கள் கணவர் இருமுறை கண் இருண்டு விழுந்ததைப் பார்த்து, பக்கவாதம் வரப்போகிறதோ என்று அஞ்சியிருக்கிறீர்கள். பக்கவாதம் தாக்கியவர் பெரும்பாலும் நினைவோடுதான் இருப்பார்; வாய் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கக் கையோ காலோ வலுவிழக்கும். உங்கள் கணவரோ இரு முறையும் நினைவு திரும்பியதும் தெளிவாகப் பேசியிருக்கிறார். எக்ஸ்ரேயில் தெரிந்த கழுத்தெலும்புத் தேய்மானம் அறுபதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு இருப்பதுதான். அதை மயக்கத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. சென்ற மாதம் சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர், எந்த முன்னறிகுறியும் இன்றித் தலை சாய்ந்து சில விநாடிகள் நினைவிழந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கும்போதோ, படுத்திருக்கும்போதோ, மாடிப்படி ஏறும்போதோ வரும் மயக்கத்துக்கு இதயத் துடிப்பின் கோளாறு காரணமாக இருக்கலாம். ஆறு முதல் எட்டு விநாடிகள் மூளைக்கு இரத்தம் செல்லாவிட்டாலே நினைவு தப்பிவிடும். ஆகவே இன்றே இதய மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஈ.சி.ஜி. எடுங்கள், அது இயல்பாக இருந்தாலும் இந்தச் சோபா நிகழ்ச்சியை அவரிடம் சொல்லுங்கள், 24 மணி நேரத் துடிப்புப் பதிவு தேவைப்படலாம். அதுவரை அவர் வண்டி ஓட்ட வேண்டாம்.

இரவு மயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரைகளே. எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் அதிகமான இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கும்; இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதை ஈடுசெய்ய வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையோடு, புராஸ்டேட் வீக்கத்துக்காக இரவில் போடும் டாம்சுலோசினும் சேர்ந்து அந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து அழுத்தம் பாருங்கள். பிறகு எழுந்து நின்ற முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் மருத்துவர் மருந்தை மாற்றி அமைப்பார். நீங்களாக எதையும் நிறுத்தவோ, உப்பைக் கூட்டவோ கூடாது. இரவில் அவர் கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்திவிட்டு எழட்டும். உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். கண் இருளத் தொடங்கினால் கால்களைப் பின்னித் தொடைகளை இறுக்க வேண்டும். அப்படியும் தெளியாவிட்டால் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

இணையக் காணொளியைப் பார்த்து அவர் விழுங்கிவரும் ஆஸ்பிரின் இந்த மயக்கத்தைத் தடுக்காது. விழுந்து தலையில் அடிபட்டால் இரத்தக் கசிவை அதிகமாக்கும். இதய நோயோ ஸ்டென்ட்டோ இல்லாதவருக்கு, மருத்துவர் எழுதித் தராத அந்த மாத்திரை எதற்கு? இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

முதல்முறை நீங்கள் பதறித் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்ததும் அவர் மீண்டும் மயங்கினார் அல்லவா? மயங்கியவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தட்டையாகப் படுக்க வைத்துக் கால்களைத் தலையணை மீது உயர்த்துங்கள். ஓரிரு நிமிடங்களில் தெளியாவிட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ 108-ஐ அழையுங்கள்.