மூளையில் நொதியம் எவ்வளவு அடைபட்டது? வாசகர் கேள்விகள்

மாணவி, உப்புவெளி: மருந்து எம்.ஏ.ஓ.-பி நொதியத்தைத் தடுத்ததா என்று எம்.ஆர்.ஐயில் தெரியுமா?

தெரியாது. எம்.ஏ.ஓ.-பி என்பது மூளையில் டோபமின் போன்ற பொருள்களைச் சிதைக்கும் நொதியம். எம்.ஆர்.ஐ இடத்தைக் காட்டும்; பெற் ஸ்கானில் தெரிவது மூளையின் எந்தப் பகுதி என்று பொருத்திப் பார்க்க அது வேண்டும். நொதியத்தை அளப்பது பெற் ஸ்கானும் அதற்கேற்ற ட்ரேசரும்தான். ட்ரேசர் என்பது உடலில் ஏற்றும் கதிரியக்கப் பொருள்; அது எங்கே சேர்கிறது என்று பெற் ஸ்கான் காட்டும்.

கிண்ணியா வாசகர்: மருந்துக்குப் பிந்திய ஸ்கான் பெறுமானத்தை அனுப்பியுள்ளேன். எத்தனை சதவீதம் அடைபட்டிருக்கிறது?

முந்திய ஸ்கான் எங்கே, தம்பி? முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து, முன்னதால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். நொதியத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறு. பிந்தியதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. படத்தின் பிரகாசத்தையும் அப்படியே கழிக்காதீர்கள். மருந்து மற்ற உறுப்புகளிலுள்ள நொதியத்தையும் அடைப்பதால், ட்ரேசர் குருதியில் கூடுதலாக மிஞ்சி மூளைக்குப் போகும். அதனால் நாடிக் குருதி எடுத்து, சிதைவுப் பொருள்களைப் பிரித்து, மாறாத ட்ரேசரை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மருந்தாளர், மூதூர்: செலெஜிலினை நிறுத்தியபின், குருதிச் சிறுதட்டில் (பிளேற்லெட்) நொதியம் முழுதாக மீண்டுவிட்டது. மூளையிலும் அப்படித்தானே?

இந்த "அப்படித்தானே" எத்தனை ஆய்வறிக்கைகளைக் கெடுத்திருக்கிறது! செலெஜிலின் எம்.ஏ.ஓ.-பி நொதியத்தோடு நிரந்தரமாக ஒட்டும் பார்க்கின்சன் நோய் மருந்து. நிறுத்தினால், சிறுதட்டுகள் பத்து நாள் அளவில் புதிதாகிவிடும். இரண்டு வாரத்தில் குருதி சரி. மூளையோ நொதியத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும், அதன் அரைவாழ்வு (பாதி மாற எடுக்கும் காலம்) ஏறக்குறைய 40 நாள். குருதி "மீண்டது" என்னும் நேரத்தில் மூளையில் பெரும்பகுதி அடைபட்டே கிடக்கும். மறுபக்கமும் பாருங்கள்: மறதிநோய் மருந்தான டொனெபெசில் எடுப்பவரின் செங்குழியத்தில், அது தடுக்கும் அசற்றைல்கோலின் எசுத்தரேசு என்னும் வேறொரு நொதியம் 60, 70 சதவீதம் அடைபட்டிருக்க, பெற் ஸ்கானில் மூளை மேற்பட்டையில் 30 சதவீதம் அளவுதான் தெரிந்தது. குருதி கூட்டியும் சொல்லும், குறைத்தும் சொல்லும்.

இன்னொன்று, நீங்கள் எழுதவேயில்லை: மருந்தெடுப்பவர் புகைப்பவரா? அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடம் 1996இல் காட்டியபடி, புகைப்பவர் மூளையில் எம்.ஏ.ஓ.-பி சுமார் 40 சதவீதம் குறைவு. கேட்காமல் விட்டால் சிகரெட் செய்த வேலையை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். மறுபடி சொல்கிறேன்: முந்திய ஸ்கான்.

நிலாவெளி வாசகர்: சிறுமூளையை ஒப்பீட்டுப் பகுதியாக எடுக்கலாமா?

கூடாது. ஒப்பீட்டுப் பகுதி என்றால் அளக்கும் நொதியம் இல்லாத இடமாக இருக்க வேண்டும். சிறுமூளையிலும் எம்.ஏ.ஓ.-பி உண்டு.

அதே வாசகர்: டெப்ரெனில் ட்ரேசரில் டியூற்றீரியம் எதற்கு?

டெப்ரெனில் என்பது செலெஜிலினேதான்; டியூற்றீரியம் கனமான ஐதரசன். மூளையின் நடுவிலுள்ள தலமசு போன்ற, நொதியம் செறிந்த இடங்களில், குருதி கொண்டுவந்த வேகத்திலேயே ட்ரேசர் பிடிபட்டுவிடும். அப்போது நீங்கள் அளப்பது நொதியத்தை அல்ல, குருதியோட்டத்தை. இரண்டு ஐதரசனுக்குப் பதில் டியூற்றீரியம் வைத்தால் அந்தப் பிணைப்பு உடைய நேரமெடுக்கும், பிடிபடுவது மெதுவாகும், நொதியத்தின் அளவு சமிக்ஞையில் தெரியும்.

ஒரு வாசகர், திருகோணமலை நகர்: காபன்-11 ட்ரேசரைக் கொழும்பில் செய்து வேன் வண்டியில் இங்கே கொண்டுவந்தால்?

காபன்-11 ட்ரேசரில் சேர்க்கும் கதிரியக்க அணு; அதன் அரைவாழ்வு 20 நிமிடம், ஐயா. தம்புள்ளை வரமுன்னே ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆறு மணித்தியாலத்தில் இங்கே வந்து சேர்வது இரண்டரை இலட்சத்தில் ஒன்று. புளோரீன்-18 என்றால் 110 நிமிடம். பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். காபன்-11 வேலைக்குச் சைக்குளோத்திரன் (அந்த அணுக்களைச் செய்யும் இயந்திரம்) ஸ்கானருக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்க வேண்டும்.