கேளுங்கள், சொல்கிறேன்: துரைக்கு வரும் மாற்றல்

கேள்வி: உக்ரேனில் ஹென்னாடி மோஸ்கால் என்பவர் வேறு வேறு மாநிலங்களுக்கு ஆளுநராக இருந்திருக்கிறார், நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்திருக்கிறார் என்று படித்தேன். பேராக் மாநில முதல்வரை, அதாவது மந்திரி புசாரைத் தூக்கி ஜொகூரில் உட்கார வைத்த மாதிரி இருக்கிறதே! கோப்பிக் கடையில் ஒருவரும் நம்பவில்லை. ஒரு கோப்பி ஓ பந்தயம்.
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பந்தயம் உங்களுக்குத்தான். சகர்பத்தியாவில் 2001-02, லுஹான்ஸ்கில் 2005-06, 2014-இல் மறுபடி லுஹான்ஸ்க், 2015 முதல் 2019 வரை மறுபடி சகர்பத்தியா. ஒன்று நாட்டின் மேற்குக் கோடி, மற்றது கிழக்குக் கோடி.

மந்திரி புசாரை மனத்தில் வைத்தால் கணக்கு உதைக்கும். தோட்டத் துரையை வையுங்கள். என் அப்பா கிராணியாக இருந்த தோட்டத்தில், ஒரு விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் புதுத் துரை நிற்பார். கம்பெனிக் கடிதம் முதல் நாளே அப்பா மேசைக்கு வந்திருக்கும். எங்கள் அம்மாவுக்குக்கூடச் சொல்லமாட்டார். யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று தண்டல்கூட வாய் திறந்ததில்லை. உக்ரேன் ஆளுநரும் அந்த ரகம்தான். அமைச்சரவை பெயரைக் கொடுக்கும், அதிபர் நியமிப்பார். வேண்டாமென்றால் அவரே எடுப்பார். மக்கள் ஓட்டு மாநில மன்றத்துக்கு மட்டும்.

இவரையே ஏன் கூப்பிட்டார்கள்? ஆள் போலீஸ் ஜெனரல். 2014-இல் லுஹான்ஸ்க் நகரமே அரசின் கையில் இல்லை. மாநில நிர்வாகம் செவெரோடொனெட்ஸ்க் ஊருக்குக் குடிபோயிருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் சகர்பத்தியாவின் முகாச்செவோவில் துப்பாக்கிச் சண்டை. நான்கு நாடுகளை ஒட்டிய மாநிலம், சிகரெட் கடத்தல் பேச்சு வேறு. சில நாளிலேயே அதிபர் போரோஷென்கோ இவரை அங்கே அனுப்பிவிட்டார். தகராறு பிடித்த தோட்டத்துக்கென்றே கம்பெனி ஒரு முரட்டுத் துரையை வைத்திருக்குமே, அந்த மாதிரி.

நாடாளுமன்றத்துக்கு 2007-இலும் 2012-இலும் கட்சிப் பட்டியல் வழியாகப் போனார்; அதாவது மக்கள் ஓட்டு கட்சிக்கு, ஆள் கட்சி கொடுத்த பட்டியலிலிருந்து. 2007-இல் 450 இடமும் பட்டியல்தான், தொகுதியே கிடையாது. எனக்கு இது ஒட்டவே இல்லை. உங்கள் ஊரில் 1974 முதல் 2008 வரை சாமிவேலுதான் நாடாளுமன்ற உறுப்பினர். பிறகு டாக்டர் ஜெயகுமார் அவரைத் தோற்கடித்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் அதே பஜாரில்தான் முகம் காட்டியாக வேண்டும். எங்கள் லயத்துக் கூரை ஒழுகியபோது அம்மா ஒரு மனுவை முந்தானையில் முடிந்துகொண்டு மூன்று தடவை நடந்தார். கூரை மாறவில்லை என்பது வேறு. ஆனால் யார் வாசலில் நிற்க வேண்டும் என்பதாவது தெரிந்திருந்தது.

ஒன்று மட்டும் கவனம். இரண்டு பதவியையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம் என்று கடையில் சொல்லிவைத்தீர்களோ? நம் நாட்டில் மந்திரி புசார் நாடாளுமன்றத்திலும் உட்காரலாம்; அங்கே அரசியல் சாசனம் விடாது. அப்படிச் சொல்லியிருந்தால் கோப்பியைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.