இரும்புச்சத்து ஊசி போட்ட பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. சிறுநீரகக் கோளாறு, கூடவே இரத்தசோகை. போன வாரம் டிரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றினார்கள். இப்போது கல்லீரலில் ஏதோ கட்டி தெரிகிறது என்று புதுச்சேரியில் எம்.ஆர்.ஐ.க்கு நாள் குறித்திருக்கிறார்கள். உடம்பில் இருக்கும் இரும்பைக் காந்தம் இழுத்துவிடாதா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இழுக்காது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஏற்றியது எந்த மருந்து என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். நம் பக்கம் பெரும்பாலும் போடுவது அயர்ன் சுக்ரோஸ் அல்லது ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ். இவை என்றால் ஸ்கேன் சென்டரில் தேதியோடு சொல்லிவிட்டால் போதும்.

ஃபெருமாக்ஸிடால் என்று எழுதியிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இது காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு நானோ துகள். அமெரிக்காவில் 2009-இல் சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு அனுமதி பெற்றது. துகள் மிக நுண்ணியது என்பதால் காந்தப்புலத்துக்குள் இருக்கும்போது மட்டுமே காந்தமாகும். வெளியே வந்ததும் அந்தக் குணம் போய்விடும். ஆகவே ஆளுக்கு ஆபத்தில்லை, படத்துக்குத்தான் சிக்கல். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் உள்ள விழுங்கு செல்கள் இந்தத் துகள்களை எடுத்துக்கொள்கின்றன. எம்.ஆர்.ஐ.யில் டி1, டி2 என்று வெவ்வேறு முறைகளில் படம் எடுப்பார்கள். இந்தத் துகள்களால் டி2 வகைப் படங்களில் அந்த உறுப்புகள் கறுத்துத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், இதே கறுப்பை ஒரு காலத்தில் வேண்டுமென்றே வரவழைத்தார்கள். கட்டியில் அந்தச் செல்கள் குறைவு என்பதால் சுற்றியுள்ள கல்லீரல் கறுக்க, கட்டி வெளுப்பாகத் தனித்துத் தெரியும். அதற்கென்றே இரும்பு ஆக்சைடு மருந்துகள் விற்பனையில் இருந்தன. ஆனால் இரும்பு ஏற்றிய விஷயமே தெரியாமல் படம் பார்க்கும் டாக்டர் குழம்பிப்போவார்.

இந்த விளைவு 3 மாதம் வரை இருக்கலாம். அவசரமில்லை என்றால் தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று கேளுங்கள். தள்ள முடியாது என்றால் டி1 வகைப் படங்களை நம்பிப் பார்ப்பார்கள். மருந்து ஏற்றி 4 வாரம் ஆவதற்குள் டி2 படங்களை எடுக்க வேண்டாம் என்பது மருந்துக் குறிப்பிலேயே உண்டு. சி.டி., அல்ட்ராசவுண்ட் இரண்டையும் இது பாதிக்காது. அதற்காக நீங்களாக சி.டி.க்கு மாறிவிடாதீர்கள், அங்கே படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

சொல்லப்போனால், உங்கள் அம்மா விஷயத்தில் இரும்பைவிட நான் கவனிப்பது எம்.ஆர்.ஐ.யில் படம் தெளிவாகத் தெரியப் போடும் காடோலினியம் ஊசியைத்தான். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு அதில் சில வகைகள் தோலை இறுகச் செய்யும் நோயைக் கொண்டுவரக்கூடும். கடைசியாக எடுத்த கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், ஊசி அவசியமா, எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அம்மாவுக்கு பேஸ்மேக்கரோ மூளை இரத்தக்குழாயில் கிளிப்போ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காந்தத்துக்குப் பயப்பட வேண்டியது அங்கேதான்.