சேர்ந்த இடத்தில் நிலைப்பதற்கு

கேள்வி: என் மகனுக்கு 21 வயது, ஓட்டிசம் உள்ளவர். மட்டக்களப்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் சேர்ந்து மூன்றே கிழமையில் நின்றுவிட்டார். ஆணிகளை அளவு வாரியாக அடுக்குவதில் ஒரு பிழையும் விடவில்லை என்று முதலாளியே சொன்னார். பிறகு கணினித் திருத்தப் பயிற்சிக்குப் போனார்; நேரசூசி மாறிய நாளிலிருந்து அதற்கும் போவதில்லை. எதிலும் அவரால் நிலைக்க ஏலாதா?
ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: ஏலும், அம்மா. வேலை தெரியாமல் அவர் நிற்கவில்லை என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி. "முடிஞ்சா சும்மா நிக்காம என்னத்தையாவது பாருங்க தம்பி" என்று ஒருவர் சொல்ல, அந்த "என்னத்தையாவது" எதைக் குறிக்கிறது என்று விளங்காமல் இறாக்கையருகே நிற்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணிவிடுகிறார்கள். ஓட்டிசம் உள்ள இளைஞர் பலர் வேலையை இழப்பது இப்படித்தான். முன்னறிவிப்பில்லாத மாற்றமும் தாங்க முடியாத சத்தமும் மற்றக் காரணங்கள்.

ஆகவே புதிய இடம் தேடுவதற்கு முன்பு, விட்ட பயிற்சியைத் தொடர முடியுமா என்று கேளுங்கள். நேரசூசி மாறுவதாயின் முதல்நாளே வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பவும், சந்தேகம் வந்தால் யாரிடம் போவது என்று ஒருவரைக் குறித்துக் கொடுக்கவும் போதனாசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடையிலும் அப்படியே: அரைநாள் வேலையாகத் தொடங்கி, ஒரு மட்டையில் "அடுக்கி முடிந்ததும் தரையைக் கூட்டுதல், பிறகு விலை ஒட்டுதல்" என்று வரிசையாக எழுதி இறாக்கையில் ஒட்டிவிட்டால், அந்த மட்டையே அவருக்குப் பதில் சொல்லும். இரும்பு வெட்டும் நேரத்தில் காதுமூடி அணிய விடவேண்டும்.

இவற்றைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஆட்சேர்ப்பிலும் கல்வி நிறுவன அனுமதியிலும் இயலாமையைக் காட்டிப் பாரபட்சம் செய்வதைத் தடுக்கிறது. அது வாசலைத் திறப்பதைப் பற்றியது. இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த, இயலாமையுள்ள ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 27ஆம் உறுப்புரையோ, வேலையில் தொடர்ந்திருப்பதையும் வேலைத்தலத்தில் நியாயமான மாற்றங்கள் செய்து கொடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. தனியே பேசத் தயக்கமாயின் பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தரை அணுகுங்கள்.

ஆனால் எவரிடமும் போவதற்கு முன்பு மகனிடம் கேளுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் எழுதித் தரட்டும். அவர் வளர்ந்தவர், திரும்பிப் போக விருப்பமா, தமக்கு ஓட்டிசம் இருப்பதை முதலாளிக்குச் சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம் என்பதையெல்லாம் அவர் தீர்மானித்த பிறகே நீங்கள் கடைக்குப் புறப்பட வேண்டும்.