எச்சரிக்கை தம்பியின் கைபேசிக்குப் போகிறது

கேள்வி: திண்டுக்கல் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 44. நான் மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கும் நிறுவனத்திலிருந்து, வாடிக்கையாளர்களின் விவரங்கள் வெளியே போயிருக்கலாம் என்று குறுஞ்செய்தி வந்தது. அன்றிலிருந்து தூக்கமில்லை. இன்னும் ஆறு மாதத்தில் வீடு வாங்க 25 லட்சம் ரூபாய் கடன் கேட்கப்போகிறோம். அதற்குள் யாராவது என் பெயரில் கடன் வாங்கிவிட்டால்? ஆண்டுக்கு ரூ.2,999 கட்டி 'அடையாளப் பாதுகாப்புத் திட்டம்' எடுக்கும்படி ஒரு முகவர் சொல்கிறார். அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகனோ கிரெடிட்டை முடக்கி, அதாவது என் கடன் அறிக்கையை எந்தப் புதிய கடன் நிறுவனமும் பார்க்க முடியாதபடி பூட்டி வைக்கச் சொல்கிறான். எதைச் செய்வது? கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் 761 இருக்கிறது. தம்பிக்காக என் பெயரில் ஒரு செயலி மூலம் 1.5 லட்சம் ரூபாய் கடன் ஓடுகிறது. 24 மாதத் தவணை, 9 முடிந்துவிட்டது. அவனேதான் கட்டுகிறான், இரண்டு முறை மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள் தாமதம். அவன் கடை எண்ணும் என் பெயரில் வாங்கிக் கொடுத்த சிம்தான். அவன் ஏமாற்றுகிறவன் இல்லை.

பதில்: சகோதரி, உங்கள் மின்னஞ்சலில் பான் அட்டை, ஆதாரின் இரண்டு பக்கங்கள், கடன் அறிக்கை முழுவதும் இணைத்திருந்தீர்கள். நான் கேட்கவில்லை. அறிக்கையைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். விவரம் கசிந்துவிட்டதே என்று பதறி எழுதும் கடிதத்திலேயே, அதே விவரங்களை நேரில் பார்த்திராத ஒருவனுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். உங்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. யார் கேட்டாலும், சில நேரம் கேட்காமலேயே, நகலை எடுத்து நீட்டிவிடும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தின் கசிவைவிட எனக்கு அதுதான் அதிகக் கவலை தருகிறது.

அறிக்கையில் 761 என்ற எண்ணைப் பார்த்ததும் நீங்கள் மூடி வைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதன் கீழே தொலைபேசி எண்கள் என்று ஒரு சிறிய கட்டம் இருக்கிறது. அதில் மூன்று எண்கள். முதலில் இருப்பது தம்பியின் கடை எண். உங்கள் எண் மூன்றாவது வரியில் இருக்கிறது. நடுவில் இருப்பது உங்கள் கடிதத்தில் எங்குமே இல்லாத எண். அது யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமா?

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். ஒருவரின் கடன் அறிக்கையை ஏதேனும் வங்கியோ நிதி நிறுவனமோ எடுத்துப் பார்த்தால், அவருக்குக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ தகவல் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உங்கள் பெயரில் வேறு யாரோ கடன் கேட்டால் உங்களுக்கு முதலில் கிடைக்கக்கூடிய எச்சரிக்கை அதுதான், அதுவும் இலவசமாக. ஆனால் தகவல் போவது அறிக்கையில் பதிவாகியிருக்கும் எண்ணுக்கு. உங்கள் விஷயத்தில் அது தம்பியின் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் கைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். வியாபார நேரத்தில் வரும் நூறு குறுஞ்செய்திகளில் அதுவும் ஒன்று. அவர் நல்லவராகவே இருந்தாலும் அதைத் திறந்து படித்து, "அக்கா, நீ எங்காவது கடன் கேட்டிருக்கிறாயா?" என்று விசாரிக்கப்போவதில்லை.

இன்னொன்று. அந்தக் கடனுக்காக நீங்கள் ஆதார் நகலைத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள், வகுப்பில் இருக்கும்போது வந்த ஓ.டி.பி.யைத் தொலைபேசியில் சொன்னீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி அந்த நகலை எத்தனை முகவர்களுக்கு அனுப்பிப் பார்த்த பிறகு இந்தக் கடன் கிடைத்தது? அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விசாரணைப் பட்டியலில், அந்த ஒரே மாதத்தில் ஐந்து நிறுவனங்கள் உங்கள் அறிக்கையை எடுத்திருக்கின்றன. ஐந்து இடத்துக்கு உங்கள் விவரம் போயிருக்கிறது. ஏமாற்றும் எண்ணம் தம்பிக்கு இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

யாரோ திருடன் உங்கள் பெயரில் கடன் வாங்கினால், "நான் வாங்கவில்லை" என்று எழுதிக் கொடுத்து நீக்கச் சொல்ல வழி இருக்கிறது. நீங்களே ஓ.டி.பி. சொல்லி வாங்கிய கடனுக்கு அந்த வழி கிடையாது. சட்டத்தின் கண்ணில் கடன்காரர் நீங்கள்தான். வங்கிக் கணக்கு மோசடிக்கும் ஏறக்குறைய இதே நியாயம். 2017-இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, வங்கி மீதோ உங்கள் மீதோ தவறில்லாமல் வெளியாரால் பணம் போயிருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் இழப்பு உங்களைச் சேராது. ரகசிய எண்ணை நீங்களே பகிர்ந்திருந்தால், புகார் செய்யும் வரை போனது உங்களுடையது.

இப்போது வீட்டுக் கடனுக்கு வருவோம். தம்பியின் கடனுக்கு வட்டி 18 சதவீதம் என்றால் தவணை சுமார் ரூ.7,490. அவர் கட்டினாலும், உங்கள் சம்பளம் எவ்வளவு தவணை தாங்கும் என்று கணக்கிடும்போது வங்கி அதை உங்கள் சம்பளத்தில்தான் கழிக்கும். வீட்டுக் கடன் 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு என்று வைத்தால், ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய ரூ.868. ஆக 7,490 ரூபாய் என்பது எட்டரை லட்சம் ரூபாய் வீட்டுக் கடனின் தவணை. சம்பளம் இடம் கொடுக்காத நிலை வந்தால், நீங்கள் கேட்கும் 25 லட்சத்தில் அந்த அளவு குறையலாம்.

தாமதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 ஜனவரி முதல் கடன் விவரங்கள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை சிபில் போன்ற நிறுவனங்களுக்குப் போகின்றன. மாதக் கடைசிக்குள் கட்டிவிட்டால் தெரியாது என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. அந்தத் தாமதங்களால் வட்டி முக்கால் சதவீதம் கூடினால், 25 லட்சத்துக்கு மாதம் ரூ.1,200 அதிகம்; 20 ஆண்டில் 2.88 லட்சம். தம்பி வாங்கிய கடனே ஒன்றரை லட்சம்தான்.

எனவே முதல் வேலை அந்தக் கடனை முடிப்பது. மீதி அசல் சுமார் ஒரு லட்சம் இருக்கும். உங்கள் வைப்புநிதியில் இரண்டு லட்சம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதிலிருந்து எடுத்துக் கட்டிவிடுங்கள். மீதித் தவணைகளில் இருக்கும் வட்டி மட்டும் ரூ.12,000-க்கு மேல் மிச்சமாகும்; ஆனால் முன்கூட்டி முடிக்கும் கட்டணம் எவ்வளவு என்று முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முகவர் "பேசி முடித்துக்கொள்ளலாம், குறைத்துத் தருகிறோம்" என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். அப்படி முடித்த கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும். வீட்டுக் கடன் அதிகாரி அந்தச் சொல்லைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். முழுத் தொகையும் கட்டி, 'குளோஸ்டு' என்று பதிவாகியிருக்கிறதா பார்த்து, நிலுவை இல்லை என்ற சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பி இனி மாதாமாதம் உங்கள் கணக்கில் போடட்டும். போடாமலே போனாலும் உங்கள் இழப்பு ஒரு லட்சத்தோடு நிற்கும், உங்கள் பெயர் கெடாது. அடுத்த முறை அவர் கேட்கும்போது முடிந்த தொகையை ரொக்கமாகக் கொடுங்கள். பான் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

ரூ.2,999 திட்டம் வேண்டாம். நீங்கள் அனுப்பிய விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: வாடிக்கையாளரே தெரிவித்த ரகசிய எண்ணால் ஏற்படும் இழப்புக்குப் பொறுப்பில்லை. உங்களுக்கு நேரக்கூடியது அந்த ஒன்றுதான். அவர்கள் காசுக்கு விற்கும் கண்காணிப்பை நீங்களே செய்யலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். இப்போது ஒன்று, மூன்று மாதம் கழித்து இன்னொன்று என்று எடுத்தால் ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். இலவச மதிப்பெண் காட்டுகிறோம் என்று வரும் செயலிகளுக்கு உங்கள் எண்ணைக் கொடுத்தால் மறுநாளே கடன் விற்க அழைப்பு வரும்.

அக்கா மகன் சொல்வது அவன் ஊருக்குச் சரி. அங்கே 2017-இல் ஈக்விஃபாக்ஸிலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரம் திருடுபோனது. மறு ஆண்டே முடக்கி வைக்கும் வசதியை இலவசமாக்கிச் சட்டம் வந்தது. நமக்கு அப்படி ஒரு சட்ட உரிமை இல்லை. ஆதார் இணையதளத்தில் கைரேகைப் பூட்டு இருக்கிறது, போட்டுவிடுங்கள். அது கைரேகை வைத்துப் பணம் எடுப்பதைத் தடுக்கும், ஓ.டி.பி.யைத் தடுக்காது. நகல் கேட்கும் இடங்களில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள்.

அறிக்கையில் நீங்கள் வாங்காத கடன் ஒன்று தென்பட்டால் அன்றே அந்தக் கடன் நிறுவனத்துக்கும் சிபிலுக்கும் எழுதுங்கள்; சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகாரும் பதிவு செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு உங்களுக்கு உண்டு. அப்போதும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம்.

இந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறையாக இருந்தால் தம்பியைக் கூட்டிக்கொண்டு தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குப் போய், கடை எண்ணை அவர் பெயருக்கே மாற்றிவிடுங்கள். போவதற்கு முன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அந்த நடு எண் அங்கே தெரிகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். பிறகு கடன் நிறுவனத்துக்கும் சிபிலுக்கும் எழுதி, தொடர்பு எண்ணாக உங்கள் எண்ணை மட்டும் வைக்கச் சொல்லுங்கள். எனக்கு மறுபடி எழுதும்போது பான் எண்ணையும் கணக்கு எண்களையும் கறுப்படித்துவிட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புங்கள்.