தீக்குச்சி சொருகிய பட்டன்: ஆள் நடத்துவது பற்றிச் சில கேள்விகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில், பவர் பிரஸ் (தகட்டை அடித்து வடிவமாக்கும் இயந்திரம்) பிரிவில் 26 வருடம் இருந்தேன். அதில் 14 வருடம் புரொடக்‌ஷன் மேனேஜர். ஆட்களை நடத்துவதில் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன், கேளுங்கள். கேட்டவர்களின் பெயருக்குப் பதில் ஊரைப் போட்டிருக்கிறேன்.

பெருங்குடி: சார், என்னோடு உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கே இப்போது நான் டீம் லீட். இரண்டு பேர் என்னைவிட மூத்தவர்கள். சொன்னால் கேட்பதில்லை.

பதில்: முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். இருவரையும் தனித்தனியாக டீ குடிக்கக் கூப்பிட்டு, இந்த வேலையில் எது படுத்துகிறது என்று கேளுங்கள். அதில் ஒன்றையாவது ஒரு வாரத்துக்குள் சரிசெய்து கொடுங்கள். அப்புறம் வேலை சொல்லிப் பாருங்கள்.

வேளச்சேரி: அப்ரைசலில் எவ்வளவு ஹைக் கேட்கலாம்?

பதில்: அது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். உங்கள் துறையில் இருப்பவரிடம் கேளுங்கள்.

ஆவடி: நீங்கள் பட்டதிலேயே பெரிய அடி எது சார்?

பதில்: 2009, மாதக் கடைசி. லோடு ஏற்ற வண்டி கேட்டில் நிற்கிறது. ஒரு ஆபரேட்டர் வந்து, "சார், பிரஸ் சில சமயம் ரெண்டு தடவை அடிக்குது" என்றார். பத்துப் பேர் முன்னால், "லோடு போற நேரத்துல கதை சொல்லாதே" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் கிளட்ச்சைச் சரிசெய்தோம், அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாரிடம் எதையும் சொல்லக்கூடாது என்று லைன் முழுக்கத் தெரிந்துகொண்டது.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு பழைய பிரஸ். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம், அதாவது மேலிருந்து அடிக்கும் பாகம், இறங்கும். கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஒரு பட்டன் மக்கர் செய்ததால் யாரோ அதை அழுத்தி, இடுக்கில் தீக்குச்சியைச் சொருகிவிட்டார்கள். நாலு நாள் அப்படியே ஓடியிருக்கிறது. லைனில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. ஐந்தாம் நாள் நைட் ஷிஃப்டில் ஒரு பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

"ஏன் சொல்லவில்லை?" என்று எல்லோரையும் கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் முன்பு கத்தி அனுப்பிய அந்த ஆபரேட்டர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் தினமும் ஷிஃப்ட் தொடங்கும் முன் ஒவ்வொரு பிரஸ் பக்கத்திலும் போய் நின்று, நேற்று எது தொந்தரவு கொடுத்தது என்று கேட்க ஆரம்பித்தேன். மூன்று வாரம் "ஒண்ணுமில்ல சார்"தான். நாலாவது வாரம் ஒருவர் டையில், அதாவது அச்சில், விரிசல் என்றார். லைனை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் அவருக்கு நன்றி சொன்னேன். லோடு தாமதமாகி, மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மற்றவர்கள் பேசத் தொடங்கியது அதைப் பார்த்துத்தான்.

கிண்டி: கேட்க நன்றாக இருக்கிறது சார். எனக்கு லேத் பட்டறை, 12 ஆட்கள். சத்தம் போடாவிட்டால் ஒன்பது மணி வேலைக்குப் பத்து மணிக்கு வருவார்கள்.

பதில்: கண்டியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. தனியே கூப்பிட்டுக் கண்டியுங்கள், தேவைப்பட்டால் எழுத்தில் கொடுங்கள். நாலு பேர் முன்னால் மட்டும் வேண்டாம்.

கிண்டி: தனியே சொன்னால் மற்றவர்களுக்குப் பயம் வராதே?

பதில்: அந்தப் பயம்தான் என் லைனில் விரலை எடுத்தது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 நொடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் அதன் ராக்கெட் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் சரியாக அடைக்காது என்று முந்தின இரவே பொறியாளர்கள் சொல்லியிருந்தார்கள். அங்கே சொல்லியும் காதில் வாங்கவில்லை. உங்கள் பட்டறையில் சொல்லவே ஆள் இருக்காது.

ஸ்ரீபெரும்புதூர்: நான் ஆபரேட்டர். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டினால், அன்றைக்கு ரிஜெக்ட் பீஸ் நல்ல பீஸோடு கலந்து போய்விடும். வேறு என்ன செய்வது?

கிண்டி: போன மாதம் எனக்கும் ஒரு லாட் அப்படித்தான் திரும்பி வந்தது. யார் வேலை என்று இன்னும் தெரியவில்லை.

பதில்: ஆளைத் தேடுவதை விடுங்கள். அந்த லாட் ஓடிய தேதியை எடுத்து, அன்றைக்கு யாரிடம் கத்தினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் தம்பி, அந்த பீஸ் ஏதோ ஒரு வண்டியின் பிரேக்கில் போய் உட்காரும். உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் இதை நிறுத்துங்கள்.

போரூர்: டீமில் ஒரு பெண், மேலதிகாரி தொந்தரவு செய்கிறார் என்று என்னிடம் சொன்னாள். நானே விசாரிக்கலாமா சார்?

பதில்: வேண்டாம் அம்மா. பணியிடப் பாலியல் தொந்தரவு பற்றிய 2013 சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாத எந்த அலுவலகத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். எழுதும்போது கூட உட்காருங்கள். வேறு யாரிடமும் பேச வேண்டாம்.

தாம்பரம்: தவறு செய்தவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பதில்: கூடாது. குழுவும் நாலு பேர் முன்னால்தான். இதையே எத்தனை தடவை சொல்வது?

ஆவடி: விரல் போன பையனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா சார்?

பதில்: கேட்டேன். அயனாவரம் ஈஎஸ்ஐ மருத்துவமனையில், கட்டில் பக்கத்தில் நின்று. அவன் அம்மா பால் ஆற்றிக்கொண்டிருந்தார். "பட்டன் ரிப்பேர்னு சொல்லத்தான் வந்தேன் சார். நீங்க கோவமா இருந்தீங்க, திரும்பிப் போயிட்டேன்" என்றான். பிறகு ஸ்டோர்ஸில் வேலை போட்டுக் கொடுத்தோம். பதிவேட்டில் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டான்.